சாட்சி சொல்ல மறுத்த சாந்தி நாயுடு

தென்னாப்பிரிக்கா என்றதும் நம் ஆட்கள் வாயில் வருகிற பெண் பெயர் தில்லையாடி வள்ளியம்மை. சரி, வரட்டும். 1914-இல் பதினாறு வயதில் செத்துப்போன பெண். எழும்பூரில் அவர் பெயரில் ஒரு மாளிகையே இருக்கிறது. என் குறையெல்லாம், நம் கதை அங்கேயே நின்றுவிடுகிறது என்பதுதான். நிறவெறி அரசு வந்ததே 1948-இல். அதை எதிர்த்தவர்களைப் பற்றி நமக்குப் பேச்சே இல்லை.

சாந்தி நாயுடுவை எத்தனை பேருக்குத் தெரியும்? காந்தியோடு சிறைக்குப் போன தம்பி நாயுடுவின் பேத்தி. ஜோகன்னஸ்பர்க்கில் அவர்கள் வீடு போராட்டக்காரர்களுக்குச் சத்திரம் மாதிரி. அவருடைய தாய் மனோன்மணியை ஊரே ‘அம்மா’ என்றுதான் கூப்பிட்டது. உடன்பிறந்த இந்திரஸ் ராபன் தீவுச் சிறையில் பத்து வருடம் கிடந்தார்.

1969 ஜூனில் சாந்தியைப் பயங்கரவாதச் சட்டத்தில் பிடித்துப் போனார்கள். அந்தச் சட்டத்தில் வழக்கும் வேண்டாம், கெடுவும் கிடையாது. வக்கீலையோ வீட்டாரையோ பார்க்க முடியாது. தனிக்கொட்டடி. தூங்கவிடாமல் நிற்க வைத்தே நாள்கணக்கில் விசாரணை. நிற்க முடியாமல் சில விஷயங்களை ஒப்புக்கொண்டதாகப் பிறகு அவரே சொன்னார். இதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடிக்கிறது. நானாக இருந்தால் இரண்டாம் ராத்திரியே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.

போலீசுக்கு வேண்டியிருந்தது சாட்சி. நெல்சன் மண்டேலாவின் மனைவி வின்னி மண்டேலாவும் இன்னும் 21 பேரும் குற்றவாளிக் கூண்டில். டிசம்பரில், ஆறு மாதத் தனிமைக்குப் பிறகு, சாந்தியைப் பிரிட்டோரியா நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் இரண்டு பேர் தன் தோழிகள், சாட்சி சொன்னால் தன் மனசாட்சியோடு தன்னால் வாழ முடியாது என்று சொல்லிவிட்டார். உடைத்துவிட்டோம் என்று அவர்கள் நினைத்திருந்த மனுஷி, அத்தனை பேர் முன்னால் மறுத்தார். மறுத்ததற்கு இரண்டு மாதம் தண்டனை. நோந்த்வே மன்காஷ்லா என்ற இன்னொரு பெண்ணும் அதே சாட்சிக் கூண்டில் ஏறி மறுத்தார். அவரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மேடையில் முழங்கியவர்களுக்குச் சிலை உண்டு. “சொல்ல மாட்டேன்” என்ற ஒற்றை வரிக்கு யார் சிலை வைப்பார்கள்? ஆனால் அரசுத் தரப்பு தடுமாறியது இப்படிப்பட்ட மறுப்புகளிலும்தான். 1970 பிப்ரவரியில் வழக்கை அவர்களே வாபஸ் வாங்கினார்கள். வாங்கிய கையோடு எல்லாரையும் திரும்ப உள்ளே தள்ளினார்கள் என்பது வேறு கதை.

மொத்தம் 371 நாள் கழித்து சாந்தி வெளியே வந்தார். வந்தும் தடை உத்தரவு, ஜோகன்னஸ்பர்க் எல்லையைத் தாண்டக் கூடாது. நாட்டை விட்டே போய்விடுகிறேன் என்று கேட்டதற்கு, திரும்பி வரவே கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். விமான நிலையமோ ஜோகன்னஸ்பர்க் எல்லைக்கு வெளியே. அங்கே போக அனுமதி இல்லை! 1972-இல்தான் ஒருவழியாக லண்டனுக்கு விமானம் ஏற விட்டார்கள்.