வாங்கிக்கொண்டேன் என்று சொல்லிவிட்டுக் குப்பையில் போடுவதா?

சொந்த மெயில் சர்வர் வைக்கப் போகிறேன் என்று யாராவது கிளம்பினால், கையைப் பிடித்து உட்கார வையுங்கள். மூன்று வருடம் நடத்தியவன், வயிறு எரிந்து சொல்கிறேன்.

நிறுவுவதெல்லாம் பெரிய வித்தை இல்லை. மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், வந்ததைப் படிக்கக் கொடுக்கும் டவ்காட், இணைப்பைப் பாதுகாக்க ஒரு இலவசச் சான்றிதழ் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். மெயில் வருவதிலும் தொல்லை இல்லை. அனுப்பும்போதுதான் கூத்து ஆரம்பிக்கிறது. சர்வரை வாடகைக்கு விடும் பல கிளவுட் நிறுவனங்கள், மெயில் வெளியே போகிற வாசலான 25ஆம் போர்ட்டையே பூட்டி வைத்திருக்கின்றன. கெஞ்சித் திறக்க வைத்தால், இந்த ஐபி எண் எந்த சர்வருடையது என்று சொல்லும் பிடிஆர் ரெக்கார்டு எங்கே என்று மெயிலை வாங்குகிறவர்கள் கேட்பார்கள். அப்புறம், மெயில் நிஜமாகவே என் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்ட எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க். ஜிமெயில் 2024இல் இந்த மூன்றையும் கட்டாயமாக்கியது நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்குத்தான். நான் அனுப்புவது நாளுக்குப் பத்து. இருந்தும் மூன்றையும் ஒழுங்காக வைத்திருந்தேன்.

ஒரு வாடிக்கையாளருக்குக் கொட்டேஷன் அனுப்பினேன். என் சர்வரின் பதிவேடான லாகில் பளிச்சென்று '250 ஓகே'; அதாவது, அவருடைய மெயில் சர்வர் வாங்கிக்கொண்டதாம். நாலு நாள் சத்தமே இல்லை. போன் போட்டால், "மெயிலே வரலையே சார், வேற ஆளுக்கு ஆர்டர் கொடுத்தாச்சே" என்கிறார். ஸ்பாமில் பாருங்கள் என்றேன். அங்கேதான் படுத்திருந்தது.

மெயிலை வாங்குகிற சர்வரே, வேண்டாம் என்றால் 550 என்று மூஞ்சிக்கு நேரே திருப்பி அடி, வேறு வழி பார்த்துக்கொள்கிறேன். இப்போது முடியாதென்றால் 451 என்று சொல், போஸ்ட்ஃபிக்ஸ் ஐந்து நாள் வரை சளைக்காமல் வாசலைத் தட்டும். வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் குப்பையில் கொட்டுவது என்ன நியாயம்?

தோண்டிப் பார்த்தால், பக்கத்து ஐபியில் எவனோ ஸ்பாம் அனுப்பியிருக்கிறான். 256 முகவரிகள் கொண்ட மொத்தத் தொகுதியும் கருப்புப் பட்டியலில்! அவன் செய்த வினை என் தலையில் விடிந்தது. நீக்கச் சொல்லிப் படிவம் நிரப்பினால், 'தகுதியில்லை' என்று ஒரு எந்திரம் பதில் போடுகிறது. எதற்குத் தகுதியில்லை? 1982இல் ஜான் போஸ்டல், மெயில் அனுப்பும் விதிமுறையான எஸ்எம்டிபியை எழுதியபோது, இந்தப் பெரிய மெயில் நிறுவனங்களிடம் அனுமதிச் சீட்டு வாங்கிவா என்று எங்கேயும் எழுதவில்லை. ஸ்பாம்காரர்கள் கெடுத்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு நான் என்ன செய்ய?

சரி, காசைக் கொடுத்து ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்று போனேன். பெட்டிக்கு இத்தனை என்று மாதாமாதம் கறந்தார்கள். பரவாயில்லை, மெயில் போய்ச் சேர்ந்தது. ஒருநாள் காலையில் 'சந்தேகத்துக்குரிய நடவடிக்கை' என்று கணக்கைப் பூட்டிவிட்டார்கள். திறப்பதற்கான குறியீட்டை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? பூட்டிய அதே பெட்டிக்கு! உதவிக்கு வந்த சாட்பாட், "உங்கள் மெயிலைப் பாருங்கள்" என்று மூன்று முறை சொன்னது. மனிதர் ஒருவர் பதில் போட ஆறு நாள் ஆனது.

இப்போது வருகிற மெயில் என் சர்வருக்கு, போகிற மெயில், காசு வாங்கிக்கொண்டு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு ரிலே சேவை வழியாக. டொமைனை மட்டும் தனியாக வேறு இடத்தில் பதிந்து வைத்திருக்கிறேன்; நாளைக்கு எவன் பூட்டினாலும், மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை மாற்றிக்கொண்டு போய்விடலாம். அந்த வாடிக்கையாளருக்கு மட்டும், மெயில் அனுப்பிய கையோடு இன்னமும் ஒரு போன் போட்டுவிடுகிறேன்.