சொரணை இல்லாததாலா மக்கள் வருவதில்லை?

"இந்த ஜனங்களுக்குச் சொரணையே கிடையாது." போராட்டம், கண்டனக் கூட்டம், கையெழுத்து இயக்கம் என்று எதை எடுத்தாலும், பத்துப் பேருக்கு மேல் சேராமல் போனால் ஏற்பாடு செய்தவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். நானும் பல வருடம் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. அது தவறு என்பது மட்டுமல்ல, வராமல் போனவர்களுக்குச் செய்கிற அநியாயம் என்றும் நினைக்கிறேன்.

1955 மார்ச் 2. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மாண்ட்கோமரி நகரம். வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுமியைப் பேருந்திலிருந்து இழுத்துப் போய்க் கைது செய்தார்கள். நகரம் தழுவிய புறக்கணிப்பு எதுவும் நடக்கவில்லை. ஒன்பது மாதம் கழித்து, டிசம்பர் 1 அன்று, அதே நகரத்தில் அதே காரணத்துக்காக ரோசா பார்க்ஸ் கைதானார். அடுத்த திங்கட்கிழமையே கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறுவதை நிறுத்தினார்கள். 381 நாள் ஏறவில்லை. மார்ச்சில் இல்லாத சொரணை டிசம்பரில் எங்கிருந்து வந்தது?

கோபத்தை வைத்து விளக்கும் கோட்பாடுகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. கூட்டத்தில் சேர்ந்த மனிதன் அறிவை இழந்துவிடுகிறான் என்று 1895-இல் பிரெஞ்சு அறிஞர் குஸ்தாவ் லெ போன் எழுதினார். அதை நான் கொஞ்சமும் ஏற்கவில்லை. 1970-இல் அமெரிக்க அரசியல் அறிஞர் டெட் கர் சொன்னது அதைவிடப் பல மடங்கு மேல்: தனக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியது என்று ஒருவர் நம்புவதற்கும், உண்மையில் கிடைப்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் கலகத்துக்கு விதை. வறுமையைவிட இந்த ஒப்பீடுதான் அதிகம் சுடும் என்பது சரிதான். ஆனால் அந்த இடைவெளி ஏறக்குறைய எல்லாக் காலத்திலும், எல்லா இடத்திலும் இருக்கிறது. இயக்கங்களோ அபூர்வமாகத்தான் வருகின்றன. மாண்ட்கோமரியில் மார்ச்சிலும் அதே இடைவெளிதான் இருந்தது.

என்னை முதலில் உலுக்கியவர் பொருளியல் அறிஞர் மன்கர் ஓல்சன். 1965-இல் அவர் கேட்ட கேள்வியை நம் மொழியில் சொன்னால், பூனைக்கு யார் மணி கட்டுவது? மணி கட்டினால் எல்லா எலிகளுக்கும் நன்மை. கட்டப் போகிற எலிக்கு மட்டும் உயிர் ஆபத்து. கட்டாமல் வளைக்குள் இருந்த எலிக்கும் மணிச்சத்தம் கேட்கத்தான் போகிறது. அப்படியென்றால் கணக்குத் தெரிந்த எலி வெளியே வருமா? ஐந்து பேர் உள்ள குழுவில் ஒருவர் வராவிட்டால் உடனே தெரியும். ஐம்பதாயிரம் பேரில் யார் கவனிக்கப் போகிறார்கள்? அதனால் குழு பெரிதாகப் பெரிதாகத் தானாகச் சேர்வது கடினம் என்றார். ஒன்று கட்டாயம் வேண்டும், அல்லது சேர்ந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும்படி ஏதாவது பலன் வேண்டும்.

இதைப் படித்த பிறகுதான் "சொரணை இல்லை" என்ற பேச்சு என் வாயில் நின்றது. வீட்டில் இருந்துவிட்டவருக்கும் நம் அளவுக்கு வலி இருக்கலாம். ஒரு நாள் சம்பளம், வேலை, வழக்கு, வீட்டில் இருக்கும் வயதானவர்கள் என்று அவர் போட்ட கணக்கை நாம் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் ஓல்சனோடு முழுவதும் ஒத்துப்போக என்னால் முடியாது. அவருடைய எலிகள் தனித்தனி வளைகளில் உட்கார்ந்து கணக்குப் போடுகின்றன. மனிதர்கள் அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்துக்கொண்டேதான் முடிவெடுக்கிறார்கள்.

அந்த எட்டிப் பார்த்தலை அழகாகக் காட்டியவர் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர். 1978-இல் அவர் சொன்ன உதாரணம் இது. ஒரு சதுக்கத்தில் 100 பேர். ஒருவர் யாரும் இல்லாவிட்டாலும் கலவரத்தில் இறங்குவார். இன்னொருவர் ஒருவர் இறங்கினால் இறங்குவார், மற்றொருவர் இரண்டு பேர் இறங்கினால். இப்படியே 99 வரை. முதலாமவர் இறங்கியதும் வரிசையாக நூறு பேரும் இறங்கிவிடுவார்கள். இப்போது ஒரே ஒரு மாற்றம்: "ஒருவர் போதும்" என்றிருந்தவரை "இரண்டு பேர் வேண்டும்" என்று ஆக்குங்கள். முதலாமவர் தனியாக நிற்பார், அவருக்குப் பின்னால் யாரும் வர மாட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர், முதல் கூட்டத்தைக் கொதித்தெழுந்த மக்கள் என்றும் இரண்டாம் கூட்டத்தை மரத்துப்போன மக்கள் என்றும் எழுதுவார். இரண்டுக்கும் இடையில் மாறியதோ ஒரே ஆள்.

சரி, அந்த ஆளை மாற்றுவது எது? என் அனுபவத்தில், தெரிந்தவர் ஒருவர் நேரில் வந்து கேட்பது. மாணவனாக இருந்தபோது நான் போன முதல் போராட்டத்துக்கு எந்தத் தத்துவமும் என்னைக் கூட்டிப்போகவில்லை. அறை நண்பன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வர்றியா, இல்லையா?" என்று கேட்டான். போனேன். கோரிக்கை என்னவென்று முழுதாகப் புரிந்ததே போன பிறகுதான்.

இது என் ஒருவன் கதை மட்டுமில்லை என்பதைச் சமூகவியலாளர் டக் மெக்ஆடமின் ஆய்வு காட்டியது. 1964 கோடையில் அமெரிக்காவின் தென் மாநிலமான மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய, பெரும்பாலும் வடக்கு மாநிலங்களின் வெள்ளை மாணவர்கள் தன்னார்வலர்களாக விண்ணப்பித்தார்கள். அந்தக் கோடையின் தொடக்கத்திலேயே மூன்று செயற்பாட்டாளர்கள் கொல்லப்பட்டார்கள், அவ்வளவு ஆபத்தான வேலை. எழுநூறுக்கும் மேற்பட்டோர் போனார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் கடைசியில் விலகிக்கொண்டார்கள். பழைய விண்ணப்பங்களை மெக்ஆடம் தேடியெடுத்து இரு தரப்பையும் ஒப்பிட்டார். கொள்கைப் பிடிப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. போனவர்கள் ஏற்கெனவே கூடுதல் அமைப்புகளில் இருந்தார்கள், முன்பே இயக்க வேலை செய்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட வரப்போகிறவர்களில் நெருங்கிய நண்பர்கள் அவர்களுக்கு இருந்தார்கள்.

என் கருத்துக்கு இடிக்கிற உதாரணம் ஒன்று உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. 1989 அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் சுமார் 70,000 பேர் அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். அவ்வளவு பேரை நேரில் போய்க் கூப்பிடும் அமைப்பு எதுவும் அங்கே இல்லை, அரசு விட்டுவைக்கவுமில்லை. ஆனால் நிக்கோலாய் தேவாலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் அமைதிப் பிரார்த்தனை நடந்துவந்தது. எந்த நாள், எந்த இடம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முந்தைய வாரம் எத்தனை பேர் வந்தார்கள் என்பதும் பரவியிருந்தது. காவல்துறை சுடவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. கூட்டிப்போக ஆள் இல்லாத ஊரில், பல வருடம் ஒரே நேரத்தில் திறந்திருந்த ஒரு கதவு அந்த வேலையைச் செய்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அதனால்தான் வளங்களைத் திரட்டுவது பற்றி 1970களில் ஜான் மெக்கார்த்தி, மேயர் சால்ட் என்ற இரு சமூகவியலாளர்கள் எழுதியதை வறண்ட எழுத்து என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. பணம், இடம், ஆட்கள், நேரம், ஏற்கெனவே இருக்கும் அமைப்புகள் இவைதான் அவர்கள் பேச்சு. 1963 ஆகஸ்ட் 28 அன்று கறுப்பினர் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணிக்குச் சுமார் இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள். அதை ஏற்பாடு செய்த பேயர்ட் ரஸ்டின் கழிப்பறை, குடிநீர், ஒலிபெருக்கி, வெயிலில் கெடாத உணவு என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தவர். இன்று அதே கூட்டத்தைக் கைபேசி வழியாகச் சில நாளில் சேர்க்கலாம். ஆனால் அந்தக் கணக்கைச் சேர்ந்து போடும்போது மனிதர்களுக்குள் உண்டாகும் பழக்கமும் நம்பிக்கையும் அதில் கிடைப்பதில்லை. கூட்டம் கலைந்த பிறகு அடுத்து என்ன என்று முடிவெடுக்க அந்தப் பழக்கம்தான் வேண்டும்.

இப்போது மாண்ட்கோமரிக்கு வருகிறேன். ரோசா பார்க்ஸ் களைத்துப் போய் உட்கார்ந்த ஒரு தையல்காரர் என்றே பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் தையல் வேலை செய்தவர்தான். கூடவே கறுப்பினர் உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் பல வருடம் செயலாளராக இருந்தவர். கல்லூரி ஆசிரியர் ஜோ ஆன் ராபின்சன் தலைமையிலான பெண்கள் அரசியல் மன்றம், பேருந்துப் புறக்கணிப்பு வரக்கூடும் என்று 1954 மே மாதமே நகர மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தது. பார்க்ஸ் கைதான இரவு ராபின்சன் கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகள் அடித்தார். மறுநாளே அவை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. அப்புறம் தேவாலயங்கள் கூட்டம் நடத்த இடம் தந்தன, பணம் திரட்டின. வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச்செல்லச் சுமார் 300 கார்கள் ஓடின. அந்த ஏற்பாட்டை எப்படி நடத்துவது என்பதை 1953-இல் லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரத்தில் நடந்த பேருந்துப் புறக்கணிப்பிலிருந்து கற்றுக்கொண்டார்கள்.

புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, 1956 பிப்ரவரியில் சில பெண்களின் பெயரில் வழக்கு ஒன்றும் போடப்பட்டது. பேருந்துகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை வாங்கித் தந்தது அந்த வழக்குதான். ரோசா பார்க்ஸ் அதில் வாதி இல்லை. மே மாதம் நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொன்னவர்களில் ஒருவர், அப்போது 16 வயது முடிந்திருந்த கிளாடெட் கோல்வின்.