ஸ்க்விட் கேம் இரண்டாவது சீசனும் ஒரு வகுத்தல் கணக்கும்

(ஸ்க்விட் கேம், கடனாளிகள் 456 பேர் பெரும்பணத்துக்காக உயிரைப் பணயம் வைத்துச் சிறுவர் விளையாட்டுகள் ஆடும் கொரியத் தொடர். மூன்று சீசனும் பார்த்து முடிக்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள். கீழே முழுக்க ஸ்பாய்லர்.)

"ரெண்டாவது சீசன்ல பாதி நேரம் ஓட்டுதான் போட்டுட்டு இருக்காங்க, ஃபார்வர்ட் பண்ணித்தான் பார்த்தேன்" என்று சொல்பவர்கள் ஏராளம். என் கருத்து நேரெதிர். அந்த சீசனில் உருப்படியாக யோசித்து எழுதியது அந்த ஓட்டுக் காட்சிகளைத்தான்.

முதல் சீசனை (2021) நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பெரும்பான்மை ஒப்புக்கொண்டால் ஆட்டத்தை நிறுத்தலாம் என்பது மூன்றாவது விதி. முதல் ஆட்டமான பொம்மை ஆட்டம் (பொம்மை திரும்பிப் பார்க்கும்போது அசைந்தவருக்குச் சாவு) முடிந்தபோது 456 பேரில் 255 பேர் காலி. ஒரு உயிருக்கு 10 கோடி வோன் வீதம் 2,550 கோடி உண்டியலில் விழுந்துவிட்டது. ஆனால் ஆட்டத்தை நிறுத்தினால் அந்தப் பணம் செத்தவர்களின் குடும்பங்களுக்குப் போகும், பிழைத்தவனுக்கு ஒரு காசு கிடையாது. 201 பேர் ஓட்டுப் போட்டார்கள். நிறுத்தச் சொன்னவர்கள் 101, தொடரச் சொன்னவர்கள் 100. வெறுங்கையோடு வெளியே போனார்கள். (அதில் 187 பேர் தாங்களாகவே திரும்பி வந்தது தனிக் கதை.)

இரண்டாவது சீசனில் (டிசம்பர் 2024) விதி மாறுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஓட்டு உண்டு. நிறுத்தினால், அதுவரை சேர்ந்ததை உயிரோடிருப்பவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம். கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. அதே பொம்மை ஆட்டத்தில், முதல் சீசனில் ஜெயித்துவிட்டு மீண்டும் வந்த கி-ஹுன் கத்திக் கத்தி வழி சொன்னதால் இந்த முறை 91 பேர்தான் சாகிறார்கள். 910 கோடியை 365 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 2.49 கோடி வோன், நம் கணக்கில் சுமார் 15 லட்ச ரூபாய். முடிவு என்ன? தொடர 183, நிறுத்த 182.

கையில் ஒன்றுமே கிடைக்காது என்றபோது கிளம்பியவர்கள், பணம் கிடைக்கும் என்றதும் உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் பார்க்கும்போது அபத்தமாகத் தெரியும். ஆனால் கழுத்துவரை கடன் உள்ளவனுக்கு 2.49 கோடி வட்டிக்குத்தான் காணும். வெறுங்கை என்றால் மனசு உயிரைப் பற்றி மட்டும் யோசிக்கும். ஒரு தொகையைக் காட்டிவிட்டால், கடனுக்கு இன்னும் எவ்வளவு குறைகிறது என்ற கழித்தல் ஆரம்பித்துவிடும். விதியை எழுதியவனுக்கு இது தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் பேசிப் பார்க்கவில்லை. முதல் சீசன் மாதிரியே 255 பேர் செத்திருந்தால் பங்கு ஆளுக்கு 12.69 கோடியாகியிருக்கும், ஐந்து மடங்கு. கி-ஹுன் காப்பாற்றிய ஒவ்வொரு ஆளும் உண்டியலில் 10 கோடியைக் குறைத்து, வகுக்கும் எண்ணில் ஒன்றைக் கூட்டிவிட்டான். அவர் நல்லது செய்யச் செய்யத் தொடரும் பக்கம்தான் பலம் ஏறுகிறது. போதாக்குறைக்கு, 'நான் இதில் ஜெயித்தவன்' என்று எழுந்து நின்று சொல்கிறார். பயமுறுத்தத்தான் சொன்னார், கூட்டத்துக்கோ, ஆட்டமெல்லாம் தெரிந்த ஒருத்தன் நம்மோடு இருக்கிறான் என்று தெம்பு வந்துவிட்டது. அடுத்தது டல்கோனா (சர்க்கரை வில்லையிலிருந்து வடிவத்தை உடையாமல் பெயர்த்தெடுக்கும் ஆட்டம்) என்று அவர் சொன்னதும் பொய்த்தது. ஐவர் ஐவராகக் காலைக் கட்டிக்கொண்டு ஆடும் ஆட்டம் வந்தது.

ஓட்டுப் போடும் முறையையும் கவனியுங்கள். ரகசிய ஓட்டு கிடையாது. எல்லார் முன்னாலும் நடந்துபோய் பொத்தானை அழுத்த வேண்டும், எண்ணிக்கை பலகையில் ஏறிக்கொண்டே இருக்கும். வரிசை ஆட்டக்காரர் எண் 456-இல் தொடங்கி 001-இல் முடியும். அதாவது 456-ஆம் எண் கி-ஹுன் முதல் ஆள், ஊர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அழுத்துபவர். 001 கடைசி ஆள், தன் ஒரு ஓட்டு என்ன செய்யும் என்று தெரிந்தே அழுத்துபவர். முதல் சீசனில் அந்த இடத்தில் ஆட்டத்தையே உருவாக்கிய கிழவர் இல்-நாம், இரண்டாவதில் ஆட்டக்காரனாக வேஷம் போட்டு வந்த ஃப்ரண்ட் மேன், ஆட்டத்தை நடத்தும் தலைவன். 182-182 என்று நின்றபோது ஆட்டத்தை நடத்துகிறவனே முடிவை எழுதினான்.

அதற்குப் பிறகு கணக்கு வேகமெடுக்கிறது. இரண்டாவது ஆட்டம் முடிந்தபோது 255 பேர், பங்கு 7.88 கோடி. மூன்றாவது முடிந்தபோது 100 பேர், பங்கு 35.6 கோடி. சாவு விகிதமும் ஏறுகிறது: முதல் ஆட்டத்தில் ஐந்தில் ஒருவர், இரண்டாவதில் பத்தில் மூவர், மூன்றாவதில் பத்தில் ஆறு பேர். 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்று கத்துகிறவன் பலகையில் பணத்தைப் பார்க்கிறானே தவிர இந்த விகிதத்தைப் பார்ப்பதில்லை. பிறகு 50-50. மறுநாள் மறு ஓட்டு என்று அறிவித்துவிட்டு, சட்டையில் ஓ (தொடர), எக்ஸ் (நிறுத்த) வில்லை குத்திய இரண்டு கூட்டத்தையும் ஒரே கூடத்தில் தூங்கவைக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் ஒருவனைக் கொன்றால் ஒரு ஓட்டும் குறையும், பங்கும் கூடும். காவலாளி துப்பாக்கியைத் தொடவே தேவையில்லை.

இந்த வித்து முதல் சீசன் கண்ணாடிப் பாலத்திலேயே இருந்தது. 18 ஜோடிக் கண்ணாடி, ஒவ்வொன்றிலும் ஒன்று உறுதியானது, மற்றது உடைவது. முன்னால் போனவர் விட்ட தடத்தை மறக்காமல் நடந்தால் சராசரியாக 9 பேர் விழுவார்கள், 16 பேரில் 7 பேர் கரை சேரலாம். சேர்ந்தது 3 பேர். நகர மாட்டேன் என்று நின்றவன், அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தவள், கண்ணாடித் தொழிலாளியைப் பின்னாலிருந்து தள்ளிவிட்ட, கி-ஹுனின் பால்ய நண்பன் சாங்-வூ. மிச்சத்தை இவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாவது சீசனில் குறையே இல்லையா என்றால், உண்டு. கடைசி எபிசோடின் துப்பாக்கிக் கலகம் எனக்கு ஒட்டவே இல்லை. ஓட்டால் தோற்றவர் ஆயுதத்தை எடுப்பது சரியான திருப்பம்தான், ஆனால் படமாக்கியிருப்பது மாடிப்படியில் ஒரு சாதாரண ஆக்‌ஷன் காட்சி.

மூன்றாவது சீசன் (ஜூன் 2025) இறுதி ஆட்டத்தில் சதுரம், முக்கோணம், வட்டம் என மூன்று தூண்கள். ஒவ்வொன்றிலும் பொத்தானை அழுத்திய பிறகு 15 நிமிடத்துக்குள் குறைந்தது ஒருவரைத் தள்ள வேண்டும். ஒன்பது பேர், அதில் ஒன்று கைக்குழந்தை. யாரைத் தள்ளலாம் என்று உட்கார்ந்து நாகரிகமாக விவாதித்துக் கை தூக்குகிறார்கள். காட்சி நன்றாகவே இருக்கிறது. ஆனால் நிறுத்துவதற்கு அங்கே பொத்தானே கிடையாது. முந்தைய சீசனில் அந்த ஒற்றை ஓட்டு வரும்வரை கதை எப்படியும் திரும்பலாம் என்று இருந்தது. இங்கே யார் எந்த வரிசையில் விழுவார்கள் என்பது மட்டும்தான் பாக்கி.