அரை வண்டி

(கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்து ரயில்வே கேட். காலை 11 மணி வெயில். கேட் சாத்தியிருக்கிறது. இடது ஓரத்தில், நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியில் கோவிந்தசாமி. பின்னால் நின்ற வரிசையைத் தாண்டி, எதிர்ப்பக்கம் வருகிறவர்களுக்கான இடத்தையும் பிடித்துக்கொண்டு, கேட்டுக்கு மூக்கு இடிக்கிற தூரத்தில் முருகையனின் ஆட்டோ.)

முருகையன்: சாத்தி எவ்வளவு நேரம் ஆகிறது மாமா! ரயிலையே காணோம். தண்டவாளத்தில் ஓர் ஓணான் படுத்துத் தூங்குகிறது.

கோவிந்தசாமி: அது தூங்கட்டும். ரயில் வந்தால் அதற்கு முதலில் தெரியும்.

முருகையன்: ரயில் கண்ணில் பட்ட பிறகு சாத்தினால் ஆகாதா?

கோவிந்தசாமி: கேட்டைச் சாத்திப் பூட்டினால்தான் மாப்பிள்ளை ரயிலுக்குச் சிக்னலே கிடைக்கும். இது திறந்திருக்கிற வரைக்கும் அங்கே சிவப்புதான். ரயில் தூரத்திலேயே நின்று கூவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முருகையன்: நமக்காக ரயில் நிற்குமா? நல்ல கதை! பிறந்ததிலிருந்து நான்தான் அதற்காக நிற்கிறேன்.

கோவிந்தசாமி: இங்கே இருப்பது ஒற்றைப் பாதை வேறு. எதிரே வருகிற வண்டி அடுத்த ஸ்டேஷனில் ஒதுங்கினால்தான் இது கிளம்பும். இப்போது வருவது சரக்கு ரயில் என்று கேட் கீப்பர் சொன்னார்.

முருகையன்: என்ன சரக்காம்?

கோவிந்தசாமி: நெல்.

முருகையன்: உங்கள் வண்டியில்?

கோவிந்தசாமி: நெல்.

முருகையன்: நெல் போவதற்காக நெல் நிற்கிறது! உங்களுக்குக் கோபமே வராதா?

கோவிந்தசாமி: எதற்கு? நேற்றுக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 18 சதவீதம் என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். 17-க்குள் இருந்தால்தான் எடுப்பார்களாம். மூட்டை வாயையெல்லாம் அவிழ்த்து வைத்திருக்கிறேன், பார். இன்னும் அரை மணி நேரம் இந்தக் கேட் திறக்காமல் இருந்தால் அம்மன் கோயிலில் ஒரு தேங்காய் உடைக்கிறேன்.

முருகையன்: எனக்கல்லவா வயிறு எரிகிறது! என் சவாரி கேட்டுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய், அங்கே நின்ற ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

கோவிந்தசாமி: காசு?

முருகையன்: பாதி வழிக்குப் பாதிக் காசு. மீதியைக் கேட் கீப்பரிடம் கேட்கச் சொல்கிறார். எனக்கு வருகிற ஆத்திரத்தில் இந்தக் கேட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விடுவேன்.

கோவிந்தசாமி: தாராளமாக. சும்மா திறந்தால் 3 ஆண்டு வரை உள்ளே. உடைத்தால் 5 ஆண்டு வரை. உனக்கு எது வசதி?

முருகையன்: (கையை இழுத்துக்கொண்டு) எவ்வளவோ ஊரில் மேம்பாலம் கட்டுகிறார்கள். நமக்கு மட்டும் ஏன் இல்லை?

கோவிந்தசாமி: அதற்கு ஒரு கணக்கு உண்டு. எண்ணுவதற்கு வந்தவர்கள் நம் புளியமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மோர் கொடுத்தேன், சொன்னார்கள். ஒரு நாளில் இங்கே போகிற ரயிலையும், கேட்டைக் கடக்கிற வண்டிகளையும் எண்ணிப் பெருக்குவார்களாம். ஒரு லட்சத்தைத் தொட்டால் மேம்பாலத்துக்கு வழி பிறக்கும்.

முருகையன்: 20 ரயில் என்று வைத்துக்கொண்டால்...

கோவிந்தசாமி: 5,000 வண்டி வேண்டும்.

முருகையன்: அவ்வளவுதானே! ஊரில் இருக்கிற ஆட்டோக்காரர்களைத் திரட்டி, நாள் முழுக்க இப்படியும் அப்படியும் ஓட்டிக் காட்டிவிடுகிறேன்.

கோவிந்தசாமி: ஓட்டலாம். ஆனால் ஆட்டோவை அரை வண்டியாகத்தான் எழுதுவார்கள்.

முருகையன்: அரையா? மூன்று சக்கரம் இருக்கிறது மாமா!

கோவிந்தசாமி: மூன்று இருந்தாலும் அரைதான்.

முருகையன்: அப்படியானால் உங்கள் மாட்டு வண்டி? கால்தானே?

கோவிந்தசாமி: ஒன்று.

முருகையன்: ஒன்றா!

கோவிந்தசாமி: முழுசாக ஒன்று. லாரி ஒன்று, கார் ஒன்று, நான் ஒன்று. (மீசையைத் தடவிக்கொள்கிறார்.) நீ இரண்டு தடவை போனால்தான் நான் ஒரு தடவை போனதற்குச் சமம்.

முருகையன்: பெட்ரோல் போடுகிறேன், இன்சூரன்ஸ் கட்டுகிறேன், எஃப்சி காட்டுகிறேன். வைக்கோல் தின்கிற வண்டி முழுசு, நான் அரையா? எந்த ஊர் நியாயம் இது! ஐயோ, உங்கள் மாட்டைப் பாருங்கள்!

(வலத்து மாடு கழுத்தை நீட்டி, ஆட்டோ கண்ணாடியில் தொங்கிய வெள்ளிக்கிழமைச் சாமந்தி மாலையை நாரோடு இழுத்து மென்றுகொண்டிருக்கிறது. ஒரே ஒரு பூ மட்டும் அதன் மூக்கில் ஒட்டியிருக்கிறது.)

கோவிந்தசாமி: விடு. முழு வண்டி கேட்டால் அரை வண்டி கொடுக்க வேண்டியதுதான்.

(ஓணான் எழுந்து ஓடுகிறது. சரக்கு ரயில் ஆடி அசைந்து வருகிறது. முருகையன் பெட்டிகளை எண்ணிக்கொண்டே வந்து 42-இல் முடிக்கிறான். கேட் தூக்குகிறது. மேலே போகிற கட்டைக்கு அடியிலேயே ஆட்டோ சீறிக்கொண்டு புகுகிறது. எதிர்ப்பக்கத்திலும் அதே மாதிரி வரிசையை முந்தி வந்து நின்ற மினி பஸ் ஒன்று புகுகிறது. தண்டவாளத்தின் நடுவில் இரண்டும் முட்டாத குறையாக நிற்கின்றன. பின்னால் இருக்கிற வண்டிகள் இரண்டையும் ஒட்டி நெருக்கி நின்றுவிடுகின்றன. கோவிந்தசாமியின் வண்டி மட்டும் இடது ஓரமாகவே அசைந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்கிறது.)

முருகையன்: (மினி பஸ்ஸைப் பார்த்து) நீ பின்னால் எடு! நான் எதற்கு எடுக்க வேண்டும்? (தூரத்தில் நீண்ட ஹாரன் ஒலி. கேட் கீப்பர் கையில் சிவப்புக் கொடியோடு கத்திக்கொண்டு ஓடி வருகிறார்.) மாமா, அது என்ன சத்தம்?

கோவிந்தசாமி: பாசஞ்சர் ரயில். நீ நடுவில் நிற்பதால் கேட்டைச் சாத்த முடியவில்லை. சாத்தாததால் சிக்னல் கிடைக்கவில்லை. அங்கேயே நிற்கிறது.

முருகையன்: எனக்காகவா?

கோவிந்தசாமி: உனக்காகத்தான்.

முருகையன்: அவ்வளவு பெரிய ரயிலா? (சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு) மாமா, அந்த ரயிலும் நானும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்களேன்!

கோவிந்தசாமி: நான் போட்டோ எடுக்கிறேன், நீ முதலில் ஆட்டோவைப் பின்னால் எடு!