காற்றில் போவதற்கு முன் அதைக் கேட்டது யார்?

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் அந்த ஆடியோ துண்டு நேற்று எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவரைக்கும் வந்துவிட்டது, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகளோடு. ஊர் மக்களும் சேர்ந்து நிகழ்ச்சி செய்யும் ஒரு சமுதாய வானொலியின் மல்லிகை நிகழ்ச்சியில், புதிதாக வந்த அந்தப் பெண் "ஐயையோ, மாத்திச் சொல்லிட்டேன், முதல்லருந்து சொல்றேன் சார்" என்பது அப்படியே ஒலிபரப்பானதே, அதேதான். எந்த வானொலி, யார் அதை வெட்டி முகநூலில் போட்டது என்பதெல்லாம் இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். பெயர் சொல்லி அவருக்கு இன்னும் நாலு லைக் வாங்கித் தர எனக்கு விருப்பமில்லை.

என் கேள்வி ஒன்றுதான். காற்றில் போவதற்கு முன் அந்த நிகழ்ச்சியை முழுதாகக் கேட்டது யார்?

ஒலிப்பதிவில் தடுமாறுவது தப்பே இல்லை. வருடக்கணக்கில் மைக் முன்னால் உட்கார்ந்தவர்களும் தடுமாறுவார்கள். நிறுத்தி, கொஞ்சம் இடைவெளி விட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்வார்கள். எடிட் செய்பவர் வெட்டுவதற்குத்தான் அந்த இடைவெளி. அந்தப் பெண் செய்ததும் அதைத்தான், பாடத்தில் சொன்னபடி. வெட்ட வேண்டியவர் வெட்டவில்லை. ஃபைலை அன்றைய வரிசையில் ஏற்றியவர் ஹெட்போனை மாட்டவில்லை. அப்படியிருக்க, ஊர் சிரிப்பது மட்டும் அந்தப் பெண்ணைப் பார்த்து!

அந்த நிகழ்ச்சியை முழுசாகக் கேட்டீர்களா? விடியுமுன் தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டு பறிக்கும் பெண்களோடு நடந்துகொண்டே பதிவு செய்திருக்கிறார். கூடையில் மொட்டு விழும் சத்தம்கூடக் கேட்கிறது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவில் ஒரு வியாபாரியை ஓரமாகக் கூட்டிப் போய், முகூர்த்த நாளில் ஏறும் விலை மறுநாளே எப்படிச் சரிகிறது என்று கேட்டு வாங்கியிருக்கிறார். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் எல்லாரும் மேடையில் பேசியாயிற்று. பறிக்கிற கைக்குக் கூலி என்ன என்று கேட்டது இந்தப் புதியவர்தான். அதைப் பற்றி ஒரு வரி? ஊஹூம்.

"அப்போ தரம் வேண்டாமா?" என்று வருவீர்கள். வேண்டும். நன்றாக வேண்டும். கால் மணி நேர நிகழ்ச்சிக்காகப் புதியவர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே மூச்சு பெரிதாகக் கேட்கிறது, எங்கே ஒலி அளவு மீட்டரில் சிவப்பைத் தொடுகிறது என்று ஒரு மாலை முழுக்கக் காட்டினால் தரம் தானாக வரும். வாட்ஸ்அப்பில் சிரிப்பு பொம்மை போட்டு வராது.

"நாங்களும் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டோம்" என்பார் இன்னொருவர். சரி, நீங்கள் திட்டு வாங்கியது டியூட்டி ரூமுக்குள்ளே, சார். முகநூலில் அல்ல.

எனக்குக் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருந்தார். முதல் பதிவுக்கு நான் உட்காரும் முன்பே என் ஸ்கிரிப்டை வாங்கி, பின்னைக் கழற்றி, தாள்களைத் தனித்தனியாக மேசையில் பரப்பினார். "திருப்பாதே, நகர்த்து. இல்லாட்டி சத்தம் மைக்கில் ஏறும்" என்றார். மே மாத மதுரை வெயிலில் மின்விசிறியையும் அணைத்துவிட்டு, வியர்த்துக்கொண்டே என்னோடு உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் பயிற்சி. இன்று பயிற்சி என்றால் சான்றிதழ் கொடுத்துக் குழுவாகப் போட்டோ எடுப்பது.

என்னிடம் வந்த மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிணறு தூர் வாருகிறவர்களின் குரல்களை அழகாகப் பிடித்து வந்தான். ஒரு கூட்டத்தில் ஒரு மூத்தவர் அதைச் சத்தமாக ஓடவிட்டு, அவன் "அங்கிட்டு, இங்கிட்டு" என்று பேசிய இடத்தில் எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சிரிக்க வைத்தார். அவனும் சேர்ந்து சிரித்தான். அப்புறம் வரவே இல்லை. இப்போது செல்போன் கடையில் இருக்கிறான். பார்த்தால் "என்னக்கா, நல்லாருக்கீங்களா" என்பான், ரேடியோ பேச்சை மட்டும் எடுக்க மாட்டான்.

இங்கேதான் எனக்குச் சந்தேகம். நீங்கள் சிரித்தது தடுமாற்றத்துக்கா, அந்தப் பெண் பேசிய தமிழுக்கா? இதே தடுமாற்றம் ஒரு தனியார் எஃப்எம் ஆர்ஜேயிடம் வந்தால் "க்யூட்" என்பீர்கள்.

அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995-இல். 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்களிப்போடு தயாராக வேண்டும் என்பது அரசின் கொள்கையிலேயே இருக்கிறது. சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டுகிற சின்ன வானொலி இது. அந்தப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறவர் பேசுவது போலத்தானே அவர் பேசுவார்? செய்தி வாசிப்பாளர் குரல்தான் வேண்டுமென்றால் மதுரை வானொலி இருக்கிறது, தாராளமாகத் திருப்பிக்கொள்ளுங்கள்.

"விமர்சனத்தைத் தாங்க முடியாதவர் மைக் பக்கம் வரக் கூடாது" என்று ஒரு பெரியவர் கமெண்ட் போட்டிருந்தார். அவருடைய நிகழ்ச்சி ஒன்றைப் பற்றிப் போன வருடம் நான் மரியாதையாக ஒரு குறை சொன்னேன். அன்றைக்கே என்னை அன்ஃப்ரெண்ட் செய்தார். தாங்கும் சக்தி!

கேட்காமல் ஏற்றியவர் இதுவரை வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்தான் குழுவில் மன்னிப்புக் கேட்டு ஒரு குரல் பதிவு போட்டிருக்கிறார். அதையும் யாராவது வெட்டிப் போடுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அவருடைய அடுத்த நிகழ்ச்சி கனகாம்பரம் பற்றியது, எடிட்டிங்குக்கு நான் கூட உட்காரப் போகிறேன். குறை சொன்னவர்களும் தாராளமாக வரலாம். ஹெட்போனை மட்டும் வீட்டிலிருந்து கொண்டு வந்துவிடுங்கள். எங்களிடம் இருப்பது இரண்டே இரண்டு, அதில் ஒன்றுக்கு இடது காது வேலை செய்யாது.