பர்மாவில் மாண்ட சிப்பாய்களின் பெயர்கள் அழியவில்லை

"இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்த நம் காலாட்படைச் சிப்பாய்களின் பெயர்கள் எங்குமே பதிவாகவில்லை" என்றொரு வாட்ஸ்அப் செய்தி குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சுற்றுகிறது. இது தவறு.

யாங்கோனுக்கு வடக்கே தாவ்க்யான் போர்க் கல்லறையில், புதைத்த இடம் தெரியாத ஏறத்தாழ 27,000 வீரர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியப் படையின் சாதாரணச் சிப்பாய்களும் அவர்களுள் உண்டு. எரியூட்டப்பட்டவர்களுக்கு அங்கேயே தனி நினைவுச் சின்னம் இருக்கிறது.

இக்கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இப்பெயர்களை யாரும் கட்டணமின்றித் தேடலாம். பழைய பதிவில் பெயரின் எழுத்துக்கூட்டல் மாறியிருக்கலாம். வீட்டுப் பெட்டியில் பதக்கமோ கடிதமோ இருந்தால் அதிலுள்ள, சிப்பாய்க்குரிய படை எண் பெரிதும் உதவும். உயிரோடு திரும்பியவர்கள் இப்பட்டியலில் வரமாட்டார்கள்.

தாத்தாவின் பெயரைத் தேடும் குடும்பங்களை நம்பிக்கை இழக்கச் செய்யும் இச்செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.