கிளினிக் வாசலில் நிற்கும் தகப்பன்மார்

யாழ்ப்பாணத்தில் கிளினிக் நாட்களில் தாய் சேய் நல நிலையங்களைக் கடந்து போகிறவர்கள் கண்டிருப்பீர்கள்: மதிலோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, மனைவியின் கைப்பையும் தண்ணீர்ப் போத்தலுமாக நாலைந்து ஆண்கள் நிற்பார்கள். 2022 இல் நானும் அப்படி நின்றவன். உள்ளே வரவேண்டாம் என்று எவரும் என்னைத் தடுக்கவில்லை. வரலாம் என்றும் எவரும் சொல்லவில்லை. மனைவி வெளியே வந்து, "எல்லாம் நோர்மலாம்" என்பார். அந்த ஒரு சொல்லோடு நானும் வேலைக்குப் போய்விடுவேன்.

அது எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலம். கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருளைப் பங்கீட்டில் பெறும் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல்தான். எந்நேரம் நோக் கண்டாலும் ஓட வேண்டுமே என்று என் ஓட்டத்தைக் குறைத்து, தாங்கியில் எப்போதும் ஒரு லீற்றராவது மிஞ்சும்படி பார்த்துக்கொண்டேன். தகப்பனாகப் போகிறவனின் கடமை அதுதான் என்று நம்பியிருந்தேன்.

எட்டாம் மாதம் முடிகிற தறுவாயில் ஓர் இரவு மனைவிக்குக் கடுமையான தலையிடி. இரண்டு பனடோல் கொடுத்து, நெற்றியில் தைலம் பூசி, "வெயிலுக்குள்ள திரிஞ்சிருப்பீர், கொஞ்சம் படும்" என்றேன். கால் வீங்கியிருந்ததை மாமியும் கண்டார். பிள்ளைத்தாச்சிக்கு வீங்குவது வழமைதானே என்றார். விடிந்ததும் கண் மங்கலாகத் தெரிகிறது என்று மனைவி சொன்ன பிறகே பயந்து வைத்தியசாலைக்குக் கொண்டோடினேன். குருதி அமுக்கம் 160க்கு 110. கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பின் வரும் இந்த உயர் அமுக்கம் தாயையும் பிள்ளையையும் ஒருசேரப் பலியெடுக்கக் கூடியது என்பதையும், கடும் தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோ ஆகியவை அதன் அபாய அறிகுறிகள் என்பதையும், வார்ட்டு வாசலில் வைத்து ஒரு தாதி சொல்லித்தான் அறிந்தேன். சில நாட்களில், 36 ஆம் வாரத்தில், மகள் சத்திரசிகிச்சை மூலம் சுகமாகப் பிறந்தாள். ஆனாலும் அந்தப் பனடோல் இரவு இன்னமும் என் நெஞ்சை அறுக்கிறது.

குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவிச்சி) வீட்டுக்கு வராமல் இருந்தவரல்லர். அவர் வந்த நேரங்களில் நான் வேலையில் இருந்தேன், அவ்வளவுதான். ஆனால் தலையிடி வந்தது இரவில், அப்போது பக்கத்தில் இருந்தவன் நான். தாய்மார் நலனுக்காக ஆண்களையும் கர்ப்ப காலப் பராமரிப்பில் ஈடுபடுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இலேயே பரிந்துரைத்தது. அது பெண்ணின் விருப்பத்துக்கும் தீர்மானத்துக்கும் மதிப்பளித்தே நடக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த நிபந்தனையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். கணவனின் கைக்கே பயந்து வாழும் பெண்ணுக்கு, அவன் இல்லாமல் மனம் விட்டுக் கதைக்கக் கிடைக்கும் ஒரே இடம் அந்தக் கிளினிக் அறையாக இருக்கலாம். ஆகவே முதலில் அவளைத் தனியே கேட்க வேண்டும். அவள் சம்மதித்தால் அவனுக்கும் ஒரு கதிரை வேண்டும். கடலுக்குப் போகிறவரும் நாட்கூலிக்குப் போகிறவரும் வரக்கூடியதாக மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரமாவது வகுப்பு வைக்கலாம்.

தகப்பன்மாரின் பயத்தைப் பற்றி நாங்கள் கதைப்பதே இல்லை. மனைவி வார்ட்டில் இருந்த நாட்களில் நான் சரியாக உறங்கவுமில்லை, எவரிடமும் வாய் திறக்கவுமில்லை. கர்ப்ப காலத்திலிருந்து பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை தகப்பன்மாரில் ஏறத்தாழ 10 வீதத்தினருக்கு மனச்சோர்வு காணப்படுவதாக 2010 இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது என்பதைப் பின்னர்தான் வாசித்தேன்.

இப்போது இரண்டாவது பிள்ளையை எதிர்பார்த்திருக்கிறோம். போன கிழமை நான் வாசலில் நின்று, "நானும் வரலாமோ மிஸ்?" என்று கேட்டேன். மிஸ் எனக்குப் பதில் சொல்லவில்லை, மனைவியைத் திரும்பிப் பார்த்து, "அவர் வரட்டோ, பிள்ளை?" என்றார். மனைவி தலையசைத்ததும் மேசைக்குக் கீழிருந்த முக்காலியை இழுத்துப் போட்டார். அன்றைய அமுக்கம் 110க்கு 70. அதைக் கிளினிக் கொப்பியில் அவர் எழுதும்போது நானும் பார்த்திருந்தேன்.